மலைநாட்டுத் தடாகங்களும் ஒரு வெப்பமானியும்

வெள்ளி, கண்டி

டொரொன்டோவிலிருந்து மச்சாளும் பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள். மலைநாட்டுப் பக்கம் போகிறோம் என்றதும் மருமகள் கேட்ட முதல் கேள்வி, தங்கப்போகிற ஹோட்டலில் நீச்சல் தடாகம் இருக்கிறதா என்பதுதான். போன வருடம் அவர்கள் புளோரிடாவுக்குப் போய் ஒர்லாண்டோவில் டிஸ்னி ஹோட்டல் ஒன்றில் தங்கியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குத் தீம் பார்க்கைவிட அந்த ஹோட்டலின் தடாகம்தான் மனதில் நிற்கிறது. ஸ்டோர்ம்அலோங் பே என்று பெயராம். கிட்டத்தட்ட மூன்று ஏக்கர் பரப்பு, காலுக்கடியில் உண்மையான மணல், கரைதட்டிய கப்பல் மாதிரிச் செய்த பெரிய சறுக்கு. அந்த ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு மட்டும்தான் அனுமதி, கையில் பட்டி கட்டிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்களாம். இதையெல்லாம் கேட்ட பிறகு நுவரெலியாக் குளிருக்கு இவர்களைக் கூட்டிப்போய் என்ன செய்வது என்று எனக்கு ஒரே யோசனை.

ஆகவே இந்த முறை கோயில், அருவி, தேயிலைத் தொழிற்சாலை எல்லாம் வழியில் வந்தால் பார்ப்பது. எழுதப்போவது தடாகங்களைப் பற்றி. மலையகத்தில் பிறந்து வெள்ளவத்தையில் பௌதிகவியல் படிப்பிக்கிறவள் நான். மீன் தொட்டிக்குப் போடுகிற சின்ன வெப்பமானி ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். மலையில் ஒரு தடாகம் நல்லதா கெட்டதா என்பதற்கு ஹோட்டலின் படங்கள் உதவாது, தண்ணீரின் பாகைதான் உதவும் என்பது என் கட்சி. ஹோட்டல்களின் பெயரைப் போடவில்லை. இந்த வருடம் சூடாக இருக்கிற தடாகம் அடுத்த வருடமும் அப்படியே இருக்கும் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

கடுகண்ணாவை ஏற்றத்தில் வழக்கமான நெரிசல். கண்டியில் அதைவிட மோசம். பெரஹரா காலம் என்பதால் அறை வாடகையும் தலதா மாளிகை வீதியும் ஒரே மாதிரி ஏறிக் கிடக்கின்றன. நாங்கள் தங்கியது நகரத்துக்கு வெளியே, மகாவலியைப் பார்த்தபடி இருக்கும் ஹோட்டலில். பின்னேரம் நாலு மணிக்கு வெப்பமானியை நூலில் கட்டித் தண்ணீருக்குள் விட்டேன். 27 பாகை. யாரும் சூடாக்கவில்லை, வெயில் செய்த வேலை. கண்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. போட்டி நீச்சலுக்கு 25 முதல் 28 பாகை வரை என்பது சர்வதேச விதி. கண்டிக்கு அது சும்மாவே கிடைக்கிறது.

இங்கே ஒரு சறுக்கும் இருந்தது. நீல நிற பிளாஸ்டிக், ஓராள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு வளைவு. ஆனால் காய்ந்து கிடந்தது. நடுவில் வேப்பிலைச் சருகு, ஒரு பச்சைப் பூச்சி. மருமகன் மேலே ஏறி உட்கார்ந்தவன் பாதி வழியில் தொடை ஒட்டிப்போய் நின்றுவிட்டான். கேட்டால்தான் பம்பைப் போடுவார்களாம். பையன் ஒருவர் வந்து செடிகளுக்குப் பின்னால் குனிந்து எதையோ திருகினார். குழாய் இரண்டு முறை இருமி, முதலில் துருநிறத் தண்ணீரைத் துப்பி, அப்புறம்தான் ஒழுங்காக வந்தது. அதற்குப் பிறகு இருட்டும்வரை பிள்ளைகளை மேலே எடுக்க முடியவில்லை. டிஸ்னி கப்பலுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று மருமகளிடம் கேட்டேன். "அங்க லைனில நிக்கோணும் மாமி, இங்க இல்லை" என்றாள்.

மனதுக்குப் பிடிக்காத ஒன்றும் நடந்தது. கம்பளைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று. அந்த அம்மா சுரிதாரோடு பிள்ளையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றார். காவலாளி கரையில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சத்தம் போட்டு மேலே வரச் சொன்னார். நைலோன், லைக்ரா துணி மட்டும்தான் என்பது பெரும்பாலான ஹோட்டல்களின் விதி. விதியில் நியாயம் இருக்கிறது. பருத்தித் துணியிலிருந்து உதிரும் நூல் வடிகட்டியை அடைக்கும், சாயம் போகும், நனைந்தால் கனத்து ஆளைக் கீழே இழுக்கும். ஆனால் அதை அறை எடுக்கும்போதே சொல்லலாமே. தொலைபேசியில் பதிவு செய்யும்போது காலைச் சாப்பாட்டு நேரத்தைச் சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வாய் வராதா? முழுக்கை, முழுக்கால் நீச்சலுடை புறக்கோட்டையில் கிடைக்கிறது. நானும் மச்சாளும் அதைத்தான் போட்டோம். அந்த அம்மா ஈரத்தோடு கதிரையில் உட்கார்ந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சாள் போய்ப் பேச்சுக்கொடுத்து, அந்தப் பிள்ளையையும் எங்கள் கூட்டத்தோடு சேர்த்துக்கொண்டார்.

உயிர்காப்பாளர் கிடையாது. உங்கள் சொந்தப் பொறுப்பில் இறங்கவும் என்று மூன்று மொழியிலும் பலகை மட்டும் இருக்கிறது. ஆழ எண்கள் கரையில் அழிந்துபோய் இருந்தன. பெரியவர்களில் ஒருவர் எப்போதும் கரையில் நிற்பது என்று முடிவெடுத்தோம்.

சனி, றம்பொடை

கம்பளை, புசல்லாவை வழியாக ஏறினோம். புசல்லாவைக்கு மேலே கண்ணாடியை இறக்கினால் குளிர். சாரதி தம்பி ஹற்றன் பக்கத்துப் பிள்ளை, என்னை விடாமல் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுகிறார். அனுமன் கோயிலில் இறங்கிக் கும்பிட்டோம். அங்கிருந்து கீழே கொத்மலை நீர்த்தேக்கம் தெரிகிறது. காற்றில் முந்தானை நிற்கவில்லை.

இன்றைய ஹோட்டல் வீதிக்குக் கீழே, சரிவில். அறைக்குப் போகவே நூற்றுக்கணக்கில் படி. தடாகம் அதற்கும் கீழே. படத்தில் பார்த்ததுபோல் தண்ணீரின் விளிம்பு அந்தரத்தில் முடிகிறது, அதற்கு அப்பால் பள்ளத்தாக்கு. 109 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிற றம்பொடை அருவியின் சத்தம் நாள் முழுக்கக் காதில். அழகுக்குக் குறைவே இல்லை, பிள்ளைகள்கூட ஒரு நிமிடம் பேசாமல் நின்றார்கள். வெப்பமானி 22 காட்டியது.

22 பாகைக் காற்றில் ஸ்வெட்டர் இல்லாமல் உலாவலாம், அதே 22 பாகைத் தண்ணீரில் பிள்ளைக்கு உதடு நீலமாகும். தண்ணீர் உடம்பிலிருந்து வெப்பத்தை எடுக்கும் வேகம் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு. மெலிந்த உடம்பென்றால் இன்னும் சீக்கிரம். என் மகன்தான் முதலில் வெளியே வந்தான், பல் தந்தியடிக்கிறது. மருமகன் கனடாக்காரன் என்ற வீறாப்பில் கொஞ்சம் கூடுதலாக நின்று பார்த்தான். மச்சாள் துவாயை விரித்துக்கொண்டு கரையோடு கரையாக நடந்தபடியே இருந்தார்.

இந்த விளிம்பில்லாத தடாகங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பக்கச் சுவர் தண்ணீர் மட்டத்தைவிட ஒரு மயிரிழை தாழ்வு. அதன்மேல் வழிகிற தண்ணீர் கீழே ஒரு தொட்டியில் விழும், பம்ப் அதைத் திரும்ப மேலே ஏற்றும். எட்டிப் பார்த்தால் பாசி பிடித்த வாய்க்காலும் ஒரு ரப்பர் செருப்பும் தெரிந்தன. மெல்லிய படலமாக வழிந்து காற்றில் பட்டு விழும்போது தண்ணீர் இன்னும் ஆறிப்போகும். கொழும்பில் அது வசதி. குளிர்ப் பிரதேசத்தில் தடாகத்தைத் தானாகவே குளிரூட்டுகிற ஏற்பாடு அது. ஆனாலும் மலையில் புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் கட்டுகிறார்கள், ஏனென்றால் இறங்குகிறவர்களைவிடப் படமெடுக்கிறவர்கள்தான் அதிகம். இன்றைக்கும் அப்படித்தான். கல்யாணம் கட்டிப் புதிதாக வந்த சோடி ஒன்று, முட்டியளவு தண்ணீரில் நின்று அரை மணிநேரம் படம் பிடித்துவிட்டு உலர்ந்த தலையோடு ஏறிப் போனது.

சிறுவர் தடாகம் தனியாக இருந்தது, ஆழம் முழங்கால் மட்டம். ஆழம் குறைந்த தண்ணீர் வெயிலில் சீக்கிரம் சூடேறும். அங்கே பகல் ஒரு மணிக்கு 25. கடைசியில் பெரியவர்கள் நாங்களும் அதற்குள்தான் உட்கார்ந்திருந்தோம்.

ஞாயிறு, நுவரெலியா

மழை. லபுக்கலையைத் தாண்டும்போதே மூடுபனிக்குள் நுழைந்துவிட்டோம். ஓகஸ்ட்டில் தென்மேற்குப் பருவக்காற்று இந்தச் சரிவில்தான் வந்து மோதும். 1,868 மீற்றர் உயரம். ஆயிரம் மீற்றருக்கு ஆறரை பாகை குறையும் என்ற வாய்ப்பாட்டைப் போட்டால், கண்டியைவிட ஏறக்குறைய ஒன்பது பாகை குறைவாக இருக்க வேண்டும். ஜனவரி, பெப்ரவரியில் விடியப்புறம் புல்லில் உறைபனி படிகிற ஊர் இது.

எங்கள் ஹோட்டலிலும் ஒரு தடாகம் உண்டு, வெளியில், கூரையில்லாமல். பதிவு செய்யும்போது "வெப்பநிலை கட்டுப்படுத்தப்பட்டது" என்றார்கள். 16 பாகை. எதை, எந்தத் திசையில் கட்டுப்படுத்துகிறார்களோ தெரியவில்லை. மழைத்துளி விழுந்து குமிழி போட்டுக்கொண்டிருந்த அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் அறைக்குத் திரும்பினார்கள். வரவேற்பில் கேட்டேன். இயந்திரம் பழுது, பாகம் வரவேண்டும் என்றார்கள். எப்போதிலிருந்து என்று கேட்டதற்குச் சிரித்தார்கள்.

பின்னேரம் இன்னொரு ஹோட்டலுக்குப் போனோம். அங்கே கட்டடத்துக்குள்ளேயே சூடாக்கிய தடாகம். வெளியாட்களும் கட்டணம் கட்டி இறங்கலாம். கதவைத் திறந்ததும் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி, ஒன்றும் தெரியவில்லை. துடைத்துப் போட்டுப் பார்த்தால் சுவரளவு கண்ணாடிகளில் நீர் கோடுகோடாக வழிகிறது, கூரையிலிருந்து எப்போதாவது ஒரு சொட்டு குளிராக முதுகில் விழுகிறது. வெப்பமானி 29. பிள்ளைகள் போட்ட கூச்சலில் எதிரொலி வேறு. நீளம் குறைவு, ஒரு பன்னிரண்டு மீற்றர் இருக்கும். எட்டு வீச்சில் மறுகரை. காட்சி என்று ஒன்றுமே இல்லை, கண்ணாடிக்கு அப்பால் வாகனத் தரிப்பிடம். ஆனாலும் இந்தப் பயணத்தில் நான் உண்மையாக நீந்தியது இங்கேதான்.

குறை இல்லாமல் இல்லை. நெடி கண்ணைக் கரித்தது. குளோரின் கூடிவிட்டது என்று மச்சாள் சொன்னார். பாதிதான் சரி. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகிற குளோரமைன்தான் அந்த நெடி. திறந்தவெளியில் காற்று அதை அள்ளிப் போய்விடும், மூடிய அறையில் தங்கிவிடும். யன்னலைத் திறந்தால் நெடி போகும், கூடவே காசு கொடுத்துச் சேர்த்த சூடும் போகும். அதனால் திறக்கமாட்டார்கள். இறங்குமுன் குளிக்கவும் என்ற பலகை இருந்தது. குளிப்பறைக் குழாயில் வந்ததோ பச்சைத் தண்ணீர். அந்தக் குளிரில் எத்தனை பேர் குளித்துவிட்டு இறங்கியிருப்பார்கள்? அந்தக் குழாய்க்கு மட்டும் சுடுதண்ணீர் கொடுத்திருந்தால் பாதி நெடி குறைந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் கூட்டம். அவிசாவளையிலிருந்து, மாத்தளையிலிருந்து, கட்டுநாயக்காவிலிருந்து. கொழும்புத் தண்ணீரில் நீந்தப் பழகிய ஒரு சிங்களத் தாத்தா மட்டும் இந்தக் களேபரத்துக்கு நடுவில் நேர்கோட்டில் போய்வந்துகொண்டே இருந்தார். பிள்ளைகளே அவருக்கு வழிவிட்டார்கள்.

திரும்பும் வழியில் கிரகரி வாவி. ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், 1873இல் உண்டாக்கியது. அன்னப்பறவைப் படகு, மட்டக்குதிரை, வறுத்த சோளம். தீம் பார்க் என்று மருமகன் கேட்டதற்கு இதைத்தான் காட்டினேன். மழையில் நனைந்த குதிரை அவனைப் பார்த்தது, அவன் குதிரையைப் பார்த்தான். வேண்டாம் என்றுவிட்டான்.

திங்கள், கந்தப்பளை

சின்னம்மா வீட்டுக்கு ஒரு நடை. இன்றைக்குத் தடாகம் இல்லை. லயத்துக்குப் பின்னால் பீலி இருக்கிறது, மலையிலிருந்து குழாயில் வருகிற தண்ணீர் விழுகிற இடம். வெப்பமானியைப் பிடித்தேன், 15. பிள்ளைகள் விரலை நீட்டிப் பார்த்ததோடு சரி. சின்னம்மா காலையில் கொழுந்துக்குப் போகுமுன் இதில்தான் குளிக்கிறார், அதுவும் இந்த வயதில்.

பால் தேத்தண்ணீரும் ரொட்டியும் கட்டச் சம்பலும் முடிந்ததும், நேற்றுச் சுடுதண்ணீர்த் தடாகத்துக்குப் போன கதையைப் பிள்ளைகள் சொன்னார்கள். சின்னம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "அம்புட்டுத் தண்ணியையும் யாருடி காய வச்சது?"

நல்ல கேள்வி. வேனில் ஏறியதும் கணக்குப் போட்டேன். பன்னிரண்டுக்கு ஆறு மீற்றர், சராசரி ஆழம் 1.3 என்று வைத்தால் கிட்டத்தட்ட 94 ஆயிரம் லீற்றர். அதை ஒரு பாகை உயர்த்த சுமார் 109 அலகு (மின்கட்டணப் பட்டியலில் வருகிற அதே அலகு, கிலோவாற் மணி) சக்தி வேண்டும். 16இலிருந்து 29க்குக் கொண்டுவர 1,400 அலகுக்குச் சற்று மேல். நேரடியாக மின்சாரத்தில் கொதிக்க வைத்தால் ஹோட்டலை விற்க வேண்டியதுதான். அதனால் வெப்பப் பம்பு வைக்கிறார்கள். குளிர்சாதனப் பெட்டியின் வேலையைத் திருப்பிப் போட்டதுபோல வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளும். ஒரு அலகு மின்சாரத்துக்கு மூன்று, நாலு அலகு வெப்பம் கிடைக்கும். காற்று எவ்வளவு குளிரோ அவ்வளவுக்கு அது குறையும், அதாவது தேவைப்படுகிற இடத்தில்தான் குறைவாக உழைக்கும்.

இவ்வளவும் முதல்தடவை சூடாக்க. அப்புறம் ஒவ்வொரு இரவும் இழக்கிறதை ஈடுகட்ட வேண்டும். அந்த இழப்பில் பெரும்பங்கு ஆவியாதலால். கூரை, சுவர், இரவில் மேலே விரிக்கிற போர்வை ஆகியவைதான் சூட்டைக் காக்கின்றன. எங்கள் ஹோட்டலின் தடாகத்தில் மூன்றும் இல்லை. இயந்திரத்தைத் திருத்தினாலும் அந்த மழைக்கும் காற்றுக்கும் ஈடுகொடுக்குமா என்பது சந்தேகம்தான்.

சின்னம்மாவுக்குத் தொலைபேசியில் விளக்கினேன். "சரி சரி, கரண்டு பில்லு அவுங்க கட்டட்டும்" என்றார்.

செவ்வாய், எல்ல

சீதா எலிய கோயில், ஹக்கலை, வெலிமடை, பண்டாரவளை. வெலிமடைக்கு இறங்கும்போதே மழை விட்டுவிட்டது. மலையின் இந்தப் பக்கம் வேறு நாடு மாதிரி. பருவக்காற்று மழையை அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, காய்ந்த காற்றாக ஊவாவுக்குள் இறங்குகிறது. ஊவாத் தேயிலைக்குப் பேர்போன அந்த மணம் ஏறுவதும் ஜூலை முதல் செப்டம்பர் வரையான இந்தக் காய்ந்த காற்றில்தான்.

எல்ல 1,041 மீற்றர்தான், நுவரெலியாவின் பாதியைவிடக் கொஞ்சம் கூட. நீலவானம், நல்ல வெயில். வெப்பமானியை விடுமுன் பிள்ளைகள் பந்தயம் கட்டினார்கள். மருமகள் 26 என்றாள், மகன் 25. காட்டியது 21. றம்பொடையைவிடவும் ஒன்று குறைவு. மருமகன் வெப்பமானி பழுது என்றான். மேசையில் இருந்த தேத்தண்ணீரில் விட்டுக் காட்ட வேண்டியதாகிவிட்டது.

குற்றவாளி அந்தக் காற்றுத்தான். ஈரமில்லாத காற்று வேகமாக வீசினால் தண்ணீர் விறுவிறுவென்று ஆவியாகும், ஆவியாகிறது போகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டே போகும். இங்கேயும் மலைமுகட்டில், விளிம்பில்லாமல், காற்றுக்கு மார்பைக் காட்டியபடி கட்டியிருக்கிறார்கள். எதிரில் எல்லப் பாறை. தண்ணீரில் ஆள் இல்லை. சுற்றிவரச் சாய்கதிரையில் வெள்ளைக்காரர்கள் புத்தகத்தோடு. காற்று ஒரு துவாயைத் தூக்கித் தேயிலைக்குள் போட்டது, எடுக்கப் போன பையன் அட்டைக்கடியோடு வந்தார்.

காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை காற்றுக் கொஞ்சம் அடங்கும் என்று பரிசாரகர் ஒருவர் சொன்னார். நாளைக்கு அப்போது புறப்பட வேண்டும். பின்னேரம் ஒன்பது வளைவுப் பாலத்துக்கு நடந்தோம். 1921இல் திறந்தது, இரும்பே இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும். ரயில் வரும்வரை ஆளாளுக்கு இளநீர். பிள்ளைகளுக்குத் தடாகத்தைவிட இது பிடித்தது. இந்த ஊரில் அறை எடுக்கத் தடாகத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

புதன், வழியில்

அப்புத்தளை, பெரகலை, பலாங்கொடை வழியாக இறங்கிக்கொண்டிருக்கிறோம். வளைவுகளில் பிள்ளைகளுக்கு வாந்தி, அதனால் அடிக்கடி நிறுத்தம். நிறுத்துகிற நேரத்தில் இதை எழுதுகிறேன்.

பிள்ளைகளின் தீர்ப்பு கண்டிக்குத்தான், அந்த இருமுகிற சறுக்குக்காக. மச்சாளுக்கு றம்பொடை, ஆனால் அடுத்த முறை தான் மட்டும் வந்து கரையில் உட்கார்ந்திருக்கப் போகிறாராம். எனக்கு அந்த நெடியடிக்கிற, வாகனத் தரிப்பிடம் தெரிகிற நுவரெலியாத் தடாகம். ஒர்லாண்டோவிலும் மாரியில் வெளித்தடாகங்களைச் சூடாக்கித்தான் வைக்கிறார்களாம். தீம் பார்க் ஹோட்டல்காரர்களுக்குத் தெரிந்தது மலையில் கட்டுகிறவர்களுக்கும் தெரிய வேண்டும். சறுக்கு, மணல், கப்பல் எல்லாம் பிறகு பார்க்கலாம்.

டிசம்பர் விடுமுறைக்குப் பள்ளிக்கூட ஆசிரியைகள் சிலர் நுவரெலியா போகலாம் என்கிறார்கள். பலாங்கொடையில் சாப்பிட நிறுத்தியபோது இன்னொரு ஹோட்டலுக்கு எடுத்துக் கேட்டேன். "ஹீட்டட் பூல்தான் மெடம்." கூரை இருக்கிறதா? இருக்கிறது. இப்போது, இந்த நிமிடம், எத்தனை பாகை? கொஞ்சம் பொறுங்கள் என்று பாட்டுப் போட்டார்கள். யாரோ ஓடிப்போய்ப் பார்த்திருக்க வேண்டும், மூச்சிரைக்க வந்து "26" என்றார். 26 என்றால் நீந்துகிறவர்களுக்குப் போதும், சும்மா நிற்கிறவர்கள் நடுங்குவார்கள். எங்கள் கூட்டத்தில் நீந்துகிறவள் நான் மட்டும்தான். இரண்டு அறை சொல்லி வைத்திருக்கிறேன்.